மூலையில் ஆந்தை

ஜபல்பூர்
12-4-1988

அன்புள்ள உத்தமன் மச்சானுக்கு,

வரதன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, பத்மா, நான் நாலு பேரும் சௌக்கியம். மேனாம்பேட்டில் அத்தையும் வடிவும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

ஏப்ரல் மாத 'வெண்புயல்' நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியிலிருந்து மாற்றலாகி நாங்கள் இங்கே வந்து பத்து மாதம் ஆகிறது. குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பம் பன்னிரண்டு இருந்தும், படக்கதை படிக்கிற ஜன்மம் நான் ஒருவன்தான். நீங்கள் மாதாமாதம் தபாலில் போடாவிட்டால் எனக்கு வெயிலும் இந்தியும்தான் மிச்சம்.

சரி, சண்டைக்கு வருகிறேன். துறைமுகத்துக் கிரேன் உச்சியில் நின்றுகொண்டு வெண்புயல், "என்னைக் கட்டிப் போட நினைக்கிறவன் முதலில் காற்றுக்குக் கதவு போடட்டும்" என்கிறானே, ரகுநாதன் எழுதிய அந்த ஒரு வசனத்துக்கு முன்னால் துலுக்கானம் வரைந்த நாற்பத்தெட்டுப் பக்கமும் நிற்காது. கதைதான் மச்சான் உயிர். படம் அதற்குப் போட்ட சட்டை. நீங்கள் கம்பெனியில் டிராயிங் போடுகிறவர், படத்தைத்தான் தாங்கிப் பேசுவீர்கள். பேசுங்கள், பார்க்கலாம்.

ஆந்தைப் போட்டிக்குக் கார்டு போட்டுவிட்டேன். வில்லன் வளர்க்கிற ஆந்தையைத் துலுக்கானம் கட்டங்களின் மூலையில் ஒளித்து வைப்பதும், வாசகர்கள் எண்ணி எழுதுவதும் நல்ல வேடிக்கைதான். இந்தத் தடவை பதினைந்து. ஏற்கெனவே மூன்று முறை என் பெயர் அச்சில் வந்திருக்கிறது, இது நாலாவது.

தைக் கல்யாணத்துக்கு அப்பா இப்போதே லீவு கேட்டு வைத்துவிட்டார். உங்கள் பேச்சை எடுத்தால் பத்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள். ஆனால் உங்கள் கடிதம் வந்தால் முதலில் பிரிப்பது அவள்தான். ஜாக்கிரதையாக எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரனை முறைத்துக்கொண்டிருக்கும்
வரதன்


மேனாம்பேடு
5-5-1988

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமா, அத்தை, பத்மா எல்லோரும் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. எனக்குத்தான் இரண்டு மாதமாகத் தலைவலி. கம்பெனியில் ஒரு டிராயிங்கில் ஓரத்து அளவை விட்டுவிட்டேன் என்று சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் கத்தினார். கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

உன் ரகுநாதனைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் பக்கத்தில் வெண்புயல் கதவை உடைக்கிறான். அதற்கு மேலேயே 'வெண்புயல் கதவை உடைத்தான்' என்று எழுத்து. கண் இருக்கிறவனுக்கு எதற்கு அது? துலுக்கானம் அந்தக் கதவின் கீலைத் தனியாகப் பறக்க விட்டிருக்கிறாரே, அதைப் பார்த்தாயா? மூன்று பக்கம் தள்ளி அதே கீல் வில்லன் காலடியில் கிடக்கிறது. எழுத்தாளருக்கே அது தெரிந்திருக்காது. படம் தனக்கென்று ஒரு கதை சொல்கிறது மாப்பிள்ளை. ஆந்தையும் அப்படித்தான். அது எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் அடுத்த ஆபத்து வரும். எண்ணிவிட்டுப் போகிறாயே தவிர நீ அதைக் கவனிக்கவில்லை.

நான் எண்ணியதில் பதிமூன்றுதான் வந்தது. வடிவு பதினேழு என்கிறாள். "இன்னாண்ணா, கண்ணுக்கு நேராவே பாத்துகினு கீற, ஓரத்துல பாரு" என்று சிரிக்கிறாள்.

பத்மாவைக் கேட்டதாகச் சொல். மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

அன்புடன்
உத்தமன்


ஜபல்பூர்
20-6-1988

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் தலைவலி எப்படி? கண்ணாடி போட்டாயிற்றா? கண்ணாடி போட்ட மாப்பிள்ளை என்றால் படித்தவர் மாதிரி இருக்கும் என்று அம்மா சொல்கிறாள்.

ஜூன் இதழில் முடிவு வந்திருக்கிறது. ஏப்ரல் ஆந்தை மொத்தம் பதினேழு என்கிறார்கள். வடிவு சொன்ன கணக்கு. நான் ஏப்ரல் புத்தகத்தை எடுத்து மறுபடி உட்கார்ந்தேன். பதினான்கு. முன்பு எண்ணியதைவிட ஒன்று குறைவு. அச்சகத்தில் ஏதோ கோளாறு மச்சான். தபாலில் வருகிற பிரதிகளுக்கு மட்டும் மட்டமான மை போடுகிறார்களோ என்னவோ.

துலுக்கானத்துக்கு இப்போது கை தளர்ந்துவிட்டது, அதுதான் உண்மை. கட்டத்தின் நடுவில் வெண்புயல் நன்றாக இருக்கிறான். ஓரத்தில் ஒன்றுமே இல்லை. சும்மா மங்கலாக இழுத்துவிட்டிருக்கிறார். முன்பெல்லாம் மூலையில் ஒரு நாய்க்குட்டியோ தண்ணீர்க் குழாயோ இருக்குமே, எங்கே போயிற்று? ஜூன் இதழில் எனக்குக் கிடைத்த ஆந்தை பத்து.

இங்கே கரண்ட்டும் சரியில்லை. பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் வருகிறது. நேற்று வாசற்காலில் தோளை இடித்துக்கொண்டேன். பத்மா, "அண்ணா, நீயும் கல்யாணக் கனவுல நடக்கறியா" என்கிறாள்.

பதில் சீக்கிரம் போடுங்கள். மேனாம்பேடு முழுக்க எங்கள் அன்பு.

வரதன்


மேனாம்பேடு
28-7-1988

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கு யாவரும் நலம். எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு நாலைந்து தடவை போக வேண்டி வந்தது. கண்ணாடிக்குத்தான். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் இதழை மண்ணூர்பேட்டையில் பழைய புத்தகக் கடை மதுரைவீரனிடம் காட்டினேன். அவன் பதினெட்டு எண்ணினான். "இன்னா மச்சான், உன் மாப்ள பத்துதான் கீதுன்னு எழுதிக்கீறானா? அவனுக்கு இன்னாச்சு?" என்றான். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மாப்பிள்ளை, ஒன்று கேட்கிறேன். நீ மூலையைப் பார்க்கும்போது தலையைத் திருப்பிப் பார்க்கிறாயா? பகல் வெளிச்சத்தில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பார். பிறகு அடுத்த கண். எத்தனை வருகிறது என்று எனக்கு மட்டும் எழுது.

படம், கதை பற்றி இந்த மாதம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. புத்தகம் அனுப்பியிருக்கிறேன்.

உத்தமன்


ஜபல்பூர்
16-8-1988

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் நலம், உங்கள் நலம் அறிய பத்மாவுக்கு ஆவல். எனக்குக் கோபம்.

ஒரு கண்ணை மூடு, தலையைத் திருப்பு என்று என்ன விளையாட்டு இது? வாசகன் புத்தகம் படிப்பதா, தேகப்பயிற்சி செய்வதா? ஓவியர் சரியாக வரையவில்லை என்று சொன்னால் உங்களுக்குப் பொறுக்கவில்லை. அதற்காக என் மேலேயே திருப்புகிறீர்கள். மதுரைவீரன் பதினெட்டு எண்ணினானாம். அவன் டீக்கறையையும் சேர்த்து எண்ணியிருப்பான்.

நான் சும்மா இருக்கவில்லை. 'வாசகர் மேடை'க்கு நாலு பக்கம் எழுதிப் போட்டுவிட்டேன். ஓரங்களைக் காலியாக விடுகிறார், ஆந்தையே வரையாமல் எண்ணிக்கை போட்டு ஏமாற்றுகிறார், நடையை இழந்துவிட்டார் என்று ஒவ்வொன்றாக. திருச்சியிலும் நெய்வேலியிலும் இருக்கிற என் பேனா நண்பர்கள் ஆறு பேரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, என் வார்த்தைக்காகவே எழுதுகிறார்கள். ஆகஸ்ட் இதழில் எனக்குக் கிடைத்தது ஏழு. ஏழுதான் மச்சான்.

நீங்கள் அந்த ஆளைவிட நன்றாக வரைவீர்கள். இடம் காலியானால் உங்கள் படங்களை நானே அனுப்பி வைக்கிறேன். நான் கதை, நீங்கள் படம். எவ்வளவு நாள் பேசியிருக்கிறோம்.

வரதன்


[இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை]

மேனாம்பேடு
4-9-1988

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். என் இடது கண் முக்கால்வாசி போய்விட்டது. வலது கண்ணுக்குக் காலையும் மாலையும் சொட்டு மருந்து விடுகிறேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொன்றுவிடுகிற வியாதி. டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது ஓரத்துலேந்து தின்னுகிட்டே வரும்பா. நடுவுல கடைசி வரைக்கும் பளிச்சுன்னு தெரியும். அதனால யாருக்கும் தெரியறதில்ல. பல்பைச் சுத்தி வளையம் தெரியுதான்னு கேளு. ரத்தத்துல வர்றது. உன் அம்மா வழியில யார் யார் இருக்காங்களோ எல்லாரையும் உடனே காட்டச் சொல்லு. முன்னாடியே வந்தா மருந்துலயே நிறுத்திடலாம்."

தாத்தா கடைசி காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாரே, வயசு என்று விட்டுவிட்டோம். வயசு இல்லை.

துலுக்கானம் ஓரங்களைக் காலியாக விடவில்லை. உனக்குத் தெரியவில்லை. ஜூன் மாதம் உன் கடிதத்தைப் படித்தபோது சந்தேகம் வரவில்லை. டாக்டரம்மா வளையம் என்று சொன்னதும் மறுபடி எடுத்துப் படித்தேன். பதினைந்து, பத்து, ஏழு. என் கணக்கும் இப்படித்தான் இறங்கியது.

இதை நீ படித்தால் மாமாவும் படிப்பார். அதற்கு முன்னால் பத்மா படிப்பாள். குருடனாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இந்தக் கல்யாணம் ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருக்கிறது. கம்பெனியில் இன்னும் ஒரு வருடம் தாக்குப் பிடித்தால் அதிகம்.

ஆனால் உன் கண், மாப்பிள்ளை.


மேனாம்பேடு
7-9-1988

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அம்மா, வடிவு, நான் அனைவரும் நலம். மாமாவுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டதா? பத்மாவுக்கு ஜலதோஷம் என்று எழுதியிருந்தாள் அத்தை, குணமாகிவிட்டதா?

உன் கோபம் நியாயம்தான். இருந்தாலும் ஒரு ஓவியரைப் பற்றி அவ்வளவு கடுமையாக எழுதியிருக்க வேண்டாம். செப்டம்பர் இதழ் அனுப்பியிருக்கிறேன். உனக்கும் என்னைப் போலக் கண்ணாடி தேவைப்படலாம், நம் குடும்பத்தில் அப்படித்தான் என்கிறாள் அம்மா. ஒழிந்தபோது பக்கத்தில் கண்ணாடிக் கடையில் ஒருமுறை காட்டிக்கொள். அவசரம் இல்லை, ஆனால் காட்டிக்கொள்.

கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாயிற்று.

உத்தமன்


ஜபல்பூர்
9-10-1988

அன்புள்ள மச்சானுக்கு,

நலத்துக்கு நலம். பத்மாவின் ஜலதோஷம் போய்விட்டது, நீங்கள் விசாரித்ததை நாலு முறை படித்தாள்.

உங்கள் பேச்சைக் கேட்டுக் கடைத்தெருவில் கண்ணாடிக்காரரிடம் போனேன். பலகையில் எழுத்து வைத்துப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும், அதற்குக் கீழே பலகை செய்த கம்பெனியின் பெயர் வரைக்கும் படித்தேன். அவர் சிரித்துவிட்டு, "உனக்குக் கண்ணாடி விற்றால் எனக்குத்தான் பாவம்" என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார். ஆக, என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. குறை எங்கே என்று இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இந்த மாத 'வாசகர் மேடை' பார்த்திருப்பீர்கள். முதல் கடிதமே என்னுடையது. அடியில் ஆசிரியர் குறிப்பு: 'வாசகர்களின் ஏகோபித்த விருப்பத்துக்கு இணங்க அடுத்த இதழிலிருந்து புதிய ஓவியர். ஆந்தைப் போட்டி நிறுத்தப்படுகிறது.' இருபது வருடம் வரைந்தவராம். இருக்கட்டுமே. வெண்புயலைக் காப்பாற்றிவிட்டோம்.

உங்கள் கடிதம் வரவர அரைப் பக்கம் ஆகிவிட்டது. என் மேல் வருத்தமா? இருந்தால் திட்டி எழுதுங்கள், சும்மா இருக்காதீர்கள்.

வரதன்


ஜபல்பூர்
1-12-1988

அன்புள்ள மச்சானுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. புத்தகமும் இல்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று அப்பா கவலைப்படுகிறார்.

எனக்கு ஒரு சின்ன விபத்து. சைக்கிளில் போகும்போது குறுக்குத் தெருவிலிருந்து வந்த டோங்கா இடித்துத் தள்ளிவிட்டது. இடது தோளருகே காறை எலும்பு முறிவு, கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் தாளைப் பிடிக்க முடியாததால் எழுத்து கோணல். அவ்வளவு பெரிய குதிரை வண்டி, மணி வேறு கட்டியிருக்கிறது, மேலே வந்து ஏறும் வரைக்கும் நான் பார்க்கவே இல்லை. வண்டிக்காரன் மூலையில் ஒளிந்திருந்தான் என்று பத்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஒன்று உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பழைய இதழ் ஒன்றை எடுத்து நீங்கள் சொன்ன மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வலது கண்ணால் நாலு ஆந்தை. இடது கண்ணால் வெண்புயலின் முகம் மட்டும். மருந்து மயக்கமாக இருக்கலாம். இருக்கும்தானே மச்சான்?

வரதன்


மேனாம்பேடு
8-12-1988

வரதா,

இந்தக் கடிதத்தைப் பத்மா பிரித்தாலும் சரி, மாமா பிரித்தாலும் சரி. உடனே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணாடிக் கடை இல்லை, ஆஸ்பத்திரி. கண்ணின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாமாவையும் பத்மாவையும் சேர்த்துக் காட்டுங்கள். இன்று காலையில் தந்தியும் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பரில் நான் எழுதி, அம்பத்தூர் தபால் ஆபீஸ் வாசல் வரை கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. தேதியைத் திருத்தவில்லை. திருத்தலாம் என்று ஒரு கணம் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக் கடையில் காட்டு என்று எழுதியபோது, அங்கே ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதிவிட்டோம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளத்தான் அப்படி எழுதினேன். அக்டோபரில் உன் கடிதம் வந்தபோது அழுதேன். அழுதுவிட்டுச் சும்மா இருந்தேன். தை மாதம் வந்துவிட்டால் போதும், தாலி கட்டிய மறுநாள் சொல்லிவிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

துலுக்கானம் உன்னை ஏமாற்றவில்லை. வடிவை வைத்துக்கொண்டு எல்லா இதழ்களையும் மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒன்று வரைந்திருக்கிறார். ஆகஸ்ட் இதழில் பத்தொன்பது ஆந்தை.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. போய்க் காட்டு, அதுபோதும்.

உத்தமன்


ஜபல்பூர்
22-1-1989

உத்தமன் அத்தானுக்கு,

பத்மா எழுதுவது. நலம் என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. அத்தையும் வடிவும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

தந்தி வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாக்பூருக்கும் போய் வந்தோம். அண்ணனுக்கு இடது கண் இனி இல்லை. வலது கண்ணில் நடுவில் தபால்தலை அளவு தெரிகிறது. ஆப்பரேஷன் செய்திருக்கிறார்கள், அதுவும் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஆரம்பமாம். மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். அப்புறம் அண்ணனைப் பார்த்து, "இவனையும் நாலு மாசம் முன்னாடி கூட்டி வந்திருந்தா வலது கண்ணைப் பிடிச்சிருக்கலாம்" என்றார்.

உங்கள் இரண்டு கடிதத்தையும் நான்தான் படித்துக் காட்டினேன். பழைய கடிதத்தின் தேதியைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அண்ணன், "தேதி இன்னா போட்டுக்கீறாரு?" என்று கேட்டான். தாளை மடித்தேன். மறுபடி கேட்டான். சொன்னேன். விரல் விட்டு எண்ணினான்.

நீங்கள் சொல்லியிருந்தால் கல்யாணத்தை நிறுத்தியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நான் நிறுத்தியிருக்க மாட்டேன். இப்போது நிறுத்தச் சொன்னது நான்தான். மண்டபத்தை விட்டுவிடும்படி அப்பா அத்தைக்குத் தனியாக எழுதுவார்.

டிசம்பர் இதழை நெய்வேலி நண்பர் அனுப்பியிருந்தார். அண்ணன் படிக்கச் சொன்னான். வசனத்தை எல்லாம் படித்தேன். நடுவில் நிறுத்தி, "படத்துல இன்னா கீது?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பறக்கிறான் என்றேன். "எங்க பாத்துகினு பறக்கறான்? கீழ யார் நிக்கறா? ஓரத்துல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். புது ஓவியர் ஓரத்தில் ஒன்றும் வரையவில்லை, அத்தான். காலியாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஆந்தை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வரி எழுதச் சொன்னான். பத்திரிகை விலாசத்துக்கு நீங்கள் துலுக்கானம் பெயரில் ஒரு கார்டு போட வேண்டுமாம். 'ஆந்தைகள் எல்லாம் இருந்தன, எனக்குத்தான் தெரியவில்லை' என்று எழுதி, கீழே வரதன் என்று அவன் பெயர் போட வேண்டுமாம்.

வேறு ஏதாவது எழுதவா என்று கேட்டேன். உங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை என்றான்.

பத்மா